என் முறைக்கு எந்திரிச்சவ

ஏட்டி, இத ட்ரெயினுக்குள்ள வச்சுப் படிக்காத. நீ கெளம்ப இன்னும் மூணு நாள் கெடக்கு, வீட்டுலயே படி. படிச்சிட்டு என்கிட்ட சண்ட போடணும்னா அதுக்கும் நேரம் வேணும்லா. நான் ஸ்டாண்டுல ஆட்டோவப் போட்டுட்டு, பின் சீட்டுல உக்காந்து, உன் பழைய நோட்டுல எழுதிட்டு இருக்கேன். காலையில வந்த வண்டி ஆளுவள அருவியில எறக்கிட்டு வந்தாச்சு, அடுத்த வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கு. சாரல் வேற அடிக்கு. தாளு நமத்துப் போயிருந்தா அதான் காரணம், அம்மா அழுதுட்டான்னு நெனச்சுக்கிடாத. நேருல சொல்லிருக்கலாம். ஆனா நேருல சொன்னா நீ நடுவுல நடுவுல கேள்வி கேப்ப, நான் சொல்ல வந்தத விட்டுட்டு உனக்குப் பதில் சொல்லிட்டே போயிருவேன். வேல கெடச்ச பொறவு உன் கேள்வி இன்னும் மோசமாயிட்டு. போன வாரம் காய்க்காரர்கிட்ட தராசத் திருப்பிக் காட்டச் சொன்னியே, அந்த மனுசன் அதுக்குப் பொறவு நம்ம தெருப்பக்கமே வரல.

ஆர்டரு வந்த அன்னைக்கு எனக்குத் தலகாலு புரியல. வண்டியில ஏறுன அத்தன பேருகிட்டயும், கேக்காமலே, ‘எம் மக ரயில்வே போலீசு’ன்னு சொன்னேன். ஒருத்தரு பயந்து போயி பேசுனதுக்கு மேல குடுத்துட்டு எறங்குனாரு. உங்க அப்பா புளியங்குடியில எலுமிச்ச லோடு ஏத்திட்டு நின்னாவ. போன்ல சொன்னதும் லாரி ஆரன அமுக்கிப் புடிச்சிட்டாவ, மார்க்கெட்டே திரும்பிப் பாத்துச்சாம். நான் ஒம்பதாப்பு பாதியில பையத் தூக்கிப் போட்டுட்டு வந்தவ. எங்கயும் ஒரு வருசம் சேந்தாப்புல உக்காந்ததே கெடையாது. பீடி சுத்துனேன், எலுமிச்சங்காய் தரம் பிரிச்சேன், அருவியில எண்ணெப் பாக்கெட் வித்தேன், இப்ப ஆட்டோ. எனக்குப் பொறந்தது ஒரு எடத்துல உக்காந்து படிச்சு, ஓடி, கயிறு ஏறி, பரிச்ச எழுதி பாஸாயிட்டுன்னா நம்பவா முடியுது? ‘இவ நமக்குப் பொறந்தவதானா’ன்னு உங்க அப்பாகிட்ட கேட்டேன். ‘நீ தறிகெட்டு ஓடுன ஓட்டத்த அவ கோட்டுக்குள்ள ஓடிருக்கா, அவ்ளோதான்’னு சொன்னாவ.

அன்னைக்கு சாயங்காலந்தான் அடுக்களையில வச்சு நீ அந்த வார்த்தையச் சொன்ன. ‘எம்மா, திங்கக்கெழம ஸ்டேஷனுக்கு பேச்சி சித்திய வரச் சொல்லாண்டாம். அவிய மேல பழைய அரிசிக் கடத்தல் கேஸு இருக்காம். நம்ம வீட்டுக்கு விசாரணைக்கு வந்த சாரு சொன்னாரு. கூட வாற பிள்ளைய எல்லாம் போட்டோ எடுக்கும், ஸ்டேட்டஸ் வைக்கும். சேரும்போதே எதுக்கு வம்பு?’ நீ கெட்ட எண்ணத்துல சொல்லல மக்கா. பயந்து போயி சொன்ன. இவ்ளோ பாடுபட்டு வாங்குன வேல, யாராவது ஒரு போட்டோவக் காட்டி புடுங்கிருவானோன்னு பயம். அது எனக்குப் புரிஞ்சுது. ஆனா நான் என்ன சொன்னேன்? அடுப்பப் பாத்துக்கிட்டே ‘சரிட்டி’ன்னேன். அதோட விடல. மறுநாள் ஐந்தருவிக்கு சவாரி போனப்போ பேச்சி கடையில நின்னு, ‘ஏளா, பிளாட்பாரத்துல கெடுபிடி அதிகமாம், வீட்டு ஆளு மட்டுந்தான் வரணுமாம்’னு பொய் சொன்னேன். அவ சிப்ஸ் நிறுத்துக்கிட்டே, ‘அதுக்கென்ன, சீசன் நேரம், நான் எங்கன வர’ன்னா. பொறவு ஒரு பை நெறைய ரம்புட்டான் கட்டி, ‘பிள்ளைக்குக் குடு, ஹாஸ்டல்ல இதெல்லாம் கெடைக்காது’ன்னு குடுத்தா. அந்தப் பழத்த நீ தின்னுட்டு தோல ஜன்னல் வழியா வீசுன. எனக்கு ஒண்ணு கூட எறங்கல.

ஏட்டி, அந்தக் கேஸு அவளுது இல்ல. என்னுது.

பேச்சிய நீ சித்தின்னு கூப்புட்டே வளந்துட்ட. அவ எனக்குத் தங்கச்சி கெடையாது, சேக்காளி. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. நான் பள்ளிக்கூடத்த விட்டப்போ அவ விடல, பன்னெண்டாப்பு முடிச்சா. நீ கைடு வச்சு ரயில்வே போலீஸ் வரலாறு மனப்பாடம் பண்ணுனியே, எத்தன சரகம், எந்த வருசம்னு, அதுல எங்கள மாதிரி ஆளுவள எழுதிருக்க மாட்டாங்க. நான் சொல்லுதேன் கேளு. அப்ப சின்ன வண்டிதான், மீட்டர்கேஜு. தென்காசியில ஏறுனா செங்கோட்டையில ரொம்ப நேரம் நிக்கும், மலை ஏறணும்லா, பின்னால தள்ளுததுக்கு இன்னொரு இஞ்சின் மாட்டுவாங்க. அதத் தாண்டி, பகவதிபுரம் தாண்டி, மலைக் குகைக்குள்ள நுழைஞ்சா அந்தப் பக்கம் கேரளா. இங்கன இருந்து ரேஷன் அரிசி அங்கன போவும். அங்கன உள்ளவங்க ‘அரி உண்டோ’ன்னு கேட்டுட்டு ஸ்டேஷன்லயே காத்துக் கெடப்பாங்க. இங்கன லாட்டரிய தடை பண்ண பொறவு வரும்போது மடியில சீட்டோட வந்தவங்களும் உண்டு. நான் அரிசி மட்டுந்தான். அது ஏழபாழைக்குக் குடுக்குத அரிசின்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. கார்டுல வாங்குன அரிசிய திங்க மாட்டாத வீட்டுல வாங்கி, திங்கத் தவிக்குத ஊருல விக்கோம், இதுல என்ன தப்புன்னு வாய் பேசுவேன். தப்புதான். இப்ப சொல்லுதேன்.

அப்ப போலீசுன்னா ஆம்பளதான். பொம்பளையத் தொட்டு சோதிக்க முடியாது. அதனால அரிசி கொண்டு போனது பூரா பொம்பளைய. உரச்சாக்க வெட்டி பத்துப் பத்து கிலோ பையாத் தச்சு சீட்டுக்கு அடியில வைப்போம். அது போக பாவாடைக்குள்ள துணிக்குழா தச்சு இடுப்பச் சுத்திக் கட்டுவோம். எங்க கூட வந்த ஒரு அக்கா ரெண்டு வருசமா ஏழு மாசமாவே இருந்தா. வயசான ஏட்டு ஒருத்தரு ஒருநா கேட்டுட்டாரு, ‘ஏம்மா, உள்ளுக்குள்ள இருக்கது ரிட்டயர் ஆயித்தான் வெளிய வருமோ?’ன்னு. பெட்டியே சிரிச்சிட்டு. அவரும் சிரிச்சிட்டு எறங்கிப் போயிட்டாரு.

அருவிப் பக்கம் வேற கத. சீசன் வந்துட்டா திருடனுக்கும் சீசன். குளிக்கப் போறவங்க சங்கிலியக் கழத்தி சோப்பு டப்பாவுல போட்டு வச்சிட்டுப் போவாங்க, வந்து பாத்தா டப்பாவும் இருக்காது சோப்பும் இருக்காது. புடிக்கதுக்கு போலீஸ்காரங்க துண்டு கட்டி, எண்ணெ தேச்சு, கூட்டத்தோட கூட்டமா நிப்பாங்க. ஆனா பூட்ஸ் போட்டுப் போட்டு காலு மட்டும் கணுக்காலுக்குக் கீழ வெளுத்திருக்கும். திருடன் மூஞ்சியப் பாக்க மாட்டான், காலப் பாத்துட்டு அப்படியே அடுத்த அருவிக்கு நடந்துருவான். நீ மப்டியில போனா பூட்ஸ் கால நல்லா வெயில்ல காயவிட்டுட்டுப் போ.

இப்ப என் கதைக்கு வாரேன். நாங்க பன்னெண்டு பேரு. செங்கோட்டையில இஞ்சின் மாட்டுத நேரத்துல போலீஸ் ஏறும். ‘யாரு பை இது?’ன்னு கேப்பாங்க. யாரும் வாயத் தொறக்க மாட்டோம். எவளும் அவ பைக்கு மேல உக்காரவும் மாட்டா, மாத்தி மாத்தி வச்சிருப்போம். சில நாளு பையத் தூக்கிட்டுப் போயிருவாங்க, அதோட முடிஞ்சு போவும். சில நாளு, ‘ஒருத்தியாவது ஒத்துக்கிடுங்க, இல்லன்னா அத்தன பேரும் எறங்குங்க’ம்பாங்க. அதுக்கு நாங்க ஒரு முறை வச்சிருந்தோம். வாரத்துக்கு ஒருத்தி. யாரு முறையோ அவ எந்திரிச்சு ‘என்னுதுதான்’னு சொல்லணும். ஏட்டு கண்ணுக்கு முன்னால கெடக்க ரெண்டு பைய எடுத்துட்டு, அவள எறக்கி, சின்னக் கேஸா எழுதுவாரு. அபராதம் கட்டிட்டு சாயங்கால பஸ்ஸுல வீட்டுக்கு வந்துரலாம். மத்தவங்க பொழைப்பு நடக்கும். அபராதத்த எல்லாரும் பிரிச்சுக்கிடுவோம். நானே ரெண்டு தடவ எந்திரிச்சிருக்கேன். என் பேரக் கூட ஏட்டு ஒழுங்கா எழுதல, ரெண்டு தடவயும் வேற வேற பேரு எழுதுனாரு.

அந்த வாரம் என் முறை. ரெண்டு நாளு கழிச்சு எனக்கும் உங்க அப்பாவுக்கும் பரிசம் போட வைச்சிருந்தாங்க. பேச்சி அன்னைக்கு சும்மா துணைக்குத்தான் வந்தா. அவ தெனமும் வாறவ கெடையாது, போலீஸ் வேலைக்கு ஆளெடுக்கப் போறாங்கன்னு தாக்கல் வந்து, ஃபாரம் வாங்கணும், போட்டோ எடுக்கணும்னு, அந்தக் காசுக்காக நாலு தடவ வந்திருப்பா. செங்கோட்டையில பெட்டிக்குள்ள ஏறுனது பழைய ஏட்டு இல்ல. புது எஸ்.ஐ. ஒருத்தரு, கூட ரெண்டு பொம்பளப் போலீசு. நாங்க அதுவரைக்கும் ட்ரெயின்ல பொம்பளப் போலீசப் பாத்ததே இல்ல. ஏழு மாசக்கார அக்கா மூஞ்சி செத்துட்டு. பேச்சி மட்டும் என் காதுக்குள்ள, ‘ஏளா, சட்டைய உள்ள விட்டு பெல்ட் போட்டுருக்கா பாத்தியா, எவ்ளோ நல்லாருக்கு’ங்கா. அவளுக்கு அத்தன சந்தோசம்.

எஸ்.ஐ. கத்தல, ஏசல. ‘யாரு பை?’ன்னு ஒரு தடவ கேட்டாரு. பொறவு கைக்கடிகாரத்தப் பாத்துட்டு நின்னாரு. மத்த எல்லாரும் என்னப் பாக்காங்க. நேராப் பாக்கல, கீழ பாத்துக்கிட்டே பாக்காங்க, அது எப்படின்னு உனக்குப் போகப் போகத் தெரியும். நான் ஜன்னலுக்கு வெளிய பாத்தேன். வெளிய ஒரு மண்ணும் இல்ல, ஒரு தண்ணி டேங்கு நின்னுச்சு, அதப் பாத்தேன். பரிசத்துக்கு முன்னால ஸ்டேஷன்ல உக்காந்தவன்னு தெரிஞ்சா உங்க அப்பா வீட்டுல பரிசம் போட்ருப்பாங்களா? அதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. எவ்வளவு நேரம்னு தெரியல. எனக்குப் பக்கத்துல சீட்டுப் பலக ‘கிறுக்’னு சத்தம் குடுத்துச்சு. பேச்சி எந்திரிச்சுட்டா. ‘என்னுதுதான் மேடம்’னா. எஸ்.ஐ.கிட்ட சொல்லல, அந்தப் பொம்பளப் போலீசப் பாத்துதான் சொன்னா.

அவ சாயங்காலம் வந்துருவான்னுதான் நானும் நெனச்சேன், அவளும் நெனச்சா. ஆனா புது எஸ்.ஐ. ரெண்டு பையோட நிக்கல. பெட்டி பூராவும் இருந்த பைய எல்லாத்தையும் பிளாட்பாரத்துல எறக்கி, ஒண்ணா அடுக்கி, ஒரே எடையாப் போட்டாரு. ‘எல்லாம் ஒன்னுதுதான?’ன்னாரு. இல்லன்னு சொல்ல அவளுக்கு வாயி வரல, சொன்னா மத்தவங்களக் காட்டிக் குடுக்கணும்லா. பத்து கிலோன்னா பொழப்புக்குக் கொண்டு போறான்னு எழுதுவாங்க. அத்தனையும் ஒரே ஆளுதுன்னா அது கடத்தல். நாங்க கூடிப் பேசி வச்ச முறைதான் அவளக் கடத்தல்காரியா ஆக்குச்சு. எஸ்.ஐ. சட்டத்துல உள்ளதத்தான் செஞ்சாரு, அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

பேச்சியோட அம்மா வீடு வீடா வந்தா. ‘ஆளுக்கு ஒரு வார்த்த வந்து சொல்லுங்கட்டி. பத்து பத்து கிலோவாப் பிரிச்சு எழுதிட்டா எம் பிள்ளைய விட்ருவாங்களாம், வக்கீலு சொல்லுதாரு’ன்னு கேட்டுருக்கா. எல்லாரும் ஒரே பதில். ‘முறைக்காரி வரட்டும், அவ பின்னால நாங்க வாரோம்.’ முறைக்காரி எங்க இருந்தான்னா, அடுக்களைக் கதவுக்குப் பின்னால. எங்க அம்மா வாசல்ல நின்னு, ‘அவ வாசுதேவநல்லூருக்கு அவ அத்த வீட்டுக்குப் போயிருக்கா’ன்னு சொன்னா. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்தப் பொம்பள செத்த நேரம் அங்கனயே நின்னுட்டுப் போயிட்டா. மறுநாள் எனக்குப் பரிசம் போட்டாங்க. பச்சப் பட்டு. பேச்சி பதினோரு நாளு உள்ள கெடந்தா.

கேஸு வருசக்கணக்கா இழுத்துச்சு. அதுக்கு நடுவுல அவ போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனா. ஓட்டத்துல ரெண்டாவது. எல்லாத்துலயும் பாஸு. வீட்டுக்கு விசாரணை வந்தப்போ ‘கேஸ் நடக்கு’ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. கடைசியில சாட்சிக்கு ஆளில்லாம கேஸு தள்ளுபடி ஆச்சு, ஆனா அதுக்குள்ள அவளுக்கு வயசு தாண்டிட்டு. நம்ம வீட்டுக்கு விசாரணைக்கு வந்தவரு ‘வீட்டுல யாரு மேலயாவது கேஸ் உண்டா?’ன்னு கேட்டப்போ, நானும் உங்க அப்பாவும் ஒரே நேரத்துல ‘இல்ல சார்’னோம். அவரு ‘இல்லை’ன்னு எழுதுனாரு. பொய் கெடையாது, என் அபராதம் ரெண்டும் வேற வேற பேருலதான கெடக்கு. ஆனா அந்த ‘இல்லை’ நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு நீ தெரிஞ்சுக்கிடணும். அந்த வார்த்தையிலதான் உனக்கு வேல கெடச்சிருக்கு.

உனக்கு ஒம்பது வயசுல நடந்தது ஞாபகம் இருக்கா? பேச்சி கடைக்கு முன்னால ஒரு சென்னைக்கார அம்மாவோட கைப்பை காணாமப் போச்சு, உள்ள நகை. அங்கன ட்யூட்டியில நின்னவரு வேற யாரையும் பாக்கல, நேரா வந்து பேச்சி கடையக் கெளறுனாரு. ‘ஒம்மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா’ன்னாரு. சிப்ஸ் டின்னு, பழக்கூட, சாமி படத்துக்குப் பின்னால, எல்லாம். பேச்சி கையக் கட்டிட்டு நிக்கா. நீ தகரக் கூரையப் பாத்து, ‘சார், கொரங்கு வாயில என்னமோ பளபளன்னு இருக்கு’ன்ன. பைய எடுத்தது கொரங்கு. பைக்குள்ள இருந்த முறுக்குக்காக எடுத்திருக்கு. சவத்து மூதி, முறுக்கத் தின்னுட்டு சங்கிலியக் கடிச்சுப் பாத்துட்டு இருந்துச்சு. எல்லாரும் உன்னத் தூக்கி வச்சுக் கொண்டாடுனாங்க. பேச்சிகிட்ட ஒருத்தரும் மன்னிப்பு கேக்கல. அந்த எடத்துல நான் நின்னேன். கலைஞ்சு கெடந்த கடைய அடுக்கிக் குடுத்தேன், வேற ஒண்ணும் சொல்லல. நீ போலீஸ் ஆகப் போறேன்னு சொல்ல ஆரம்பிச்சது அன்னையில இருந்துதான். நீ விடியக்காலம் என் ஆட்டோ பின்னால ஓடிப் பழகுனப்போ, தெனமும் அவிச்ச முட்டையும் நேந்திரம்பழமும் குடுத்து விட்டது யாரு? நான் இல்ல. எனக்கு அவ்ளோ பொறும கெடையாது. உன் ஓட்டத்த போன்ல நேரம் பாத்தவளும் அவதான். நீ முதத் தடவ நேரத்துக்குள்ள முடிச்சப்போ அவ கடைப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் பாத்துட்டேன்.

இன்னைக்குக் காலையில அவகிட்ட போனேன். முத சவாரிய எறக்கிட்டு, கடைக்கு முன்னால நின்னு, ‘ஏளா, பிளாட்பாரத்துல கெடுபிடி ஒண்ணும் இல்ல, நான் பொய் சொன்னேன்’னேன். ‘தெரியும்’னா. ‘அன்னைக்கு என் முறை’ன்னேன். இருவத்திரெண்டு வருசத்துல அவகிட்ட முதத் தடவ அத வாயால சொல்லுதேன். எனக்கு அழுக வந்துட்டு. அவ ரெண்டு பக்கமும் பாத்துட்டு, ‘யாவார நேரத்துல கடைக்கு முன்னால நின்னு அழுதா எவன் பழம் வாங்குவான்? உள்ள வந்து அழு’ன்னா. உள்ள போனேன். ஸ்டூல எடுத்துப் போட்டா. அவளே பேசுனா. ‘நீ எந்திரிக்காதது எனக்குப் பெருசாத் தெரியல. நானும் பயந்தாங்கொள்ளிதான், நான் எப்படி எந்திரிச்சேன்னு எனக்கே தெரியாது. ஆனா எங்க அம்மா உங்க வீட்டுக்கு வந்தப்போ கதவுக்கு அடியில உன் கொலுசுக் கால் தெரிஞ்சுதாம். சாகுத வரைக்கும் அதையேதான் சொல்லிட்டு இருந்தா.’ மக்கா, அந்தக் கால எங்கன கொண்டு வைக்கன்னு எனக்குத் தெரியல. அங்கனயே ஸ்டூலுக்கு அடியில இழுத்துக்கிட்டேன். ‘மன்னிச்சுரு’ன்னேன். ‘பாக்கலாம்’னா. சிரிக்காமத்தான் சொன்னா.

உனக்கு எழுதப் போறேன்னதும் அவளுக்குக் கோவம் வந்துட்டு. ‘உனக்கு என்ன கோட்டியா? பிள்ள ட்ரெயினிங் போற நேரத்துல அவ மனசக் கலைக்காத. அவளுக்கு நான் கேஸ்காரியாவே இருந்துட்டுப் போறேன், என்ன இப்ப?’ன்னு ஏசுனா. அவ சொன்னத நான் கேக்கல. நேத்து மத்தியானம் உங்க அப்பா லோடு எறக்கிட்டு வந்தாவல்லா, அவியகிட்டயும் சொல்லிட்டேன். சோத்துல வச்ச கைய எடுத்துட்டாவ. ‘அதான் பரிசத்தன்னைக்கு மூஞ்சி அப்படி இருந்துச்சா? நான் இத்தன வருசமா உனக்கு என்னப் புடிக்காமக் கெட்டி வச்சிட்டாங்கன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்’னாவ. பாத்தியா, ஒரு வார்த்த சொல்லாம விட்டது எங்கெங்க போயி உக்காந்திருக்குன்னு.

நீ அரிசியப் புடிக்காண்டாம்னு நான் சொல்லல. புடி. இப்ப சின்ன வண்டி போயி பெரிய வண்டி வந்துட்டு, நடுவுல தண்டவாளத்தப் பிரிச்சுப் போட்டு வண்டியே இல்லாமக் கெடந்த வருசத்துல அரிசி காருக்கும் பால் வண்டிக்கும் மாறிட்டு. இப்ப ட்ரெயின்ல ஜன்னலோரம் போன் புடுங்கவன் இருக்கான், கேமரா இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனாலும் என்னைக்காவது ஒரு நா உன் முன்னால பத்துப் பையும் பத்துப் பேரும் இருப்பாங்க. அன்னைக்கு பைய தனித்தனியா எடை போடு. எவ எந்திரிக்காளோ அவள மட்டும் பாக்காத, எவ வெளிய பாக்காளோ அவளையும் பாரு. எந்திரிச்சவ பேர எழுதும்போது ஒழுங்கா எழுது, அவளுக்கு என்ன வயசு, என்ன படிச்சிருக்கான்னு கேளு. ஒரு நிமிசந்தான் ஆகும். இத ஒரு பழைய குத்தவாளி சொல்லுதான்னு நெனச்சுக்கோ. நீ போலீசு, இத எங்கயாவது குடுக்கணும்னு தோணுனா குடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உன்ன எனக்கு அம்புட்டுப் புடிக்கும் மக்கா. அதுக்காக உன் முன்னால நல்லவளா நடிச்சிட்டே இருக்க என்னால முடியல, எனக்கு எதுலயும் ரொம்ப நாளு உக்காந்து பழக்கம் இல்ல.

திங்கக்கெழம நான் ஐந்தருவிக்குப் போயி அவ கடை முன்னால ஆட்டோவ நிறுத்துவேன். வர மாட்டேன்னுதான் இப்ப வரைக்கும் சொல்லுதா. நான் கூப்புட்டா வர மாட்டா, அது நியாயந்தான். நீ கூப்புடணும். நீ கூப்புடலன்னா நானும் பிளாட்பாரத்துக்கு வரல, வெளிய ஸ்டாண்டுலயே நின்னுக்கிடுதேன், போட்டோவுல உங்க அப்பா மட்டும் நிக்கட்டும். கேஸ்காரி வரக்கூடாதுன்னா மொதல்ல வரக்கூடாதவ நான்தான். இதுல கோவம் ஒண்ணும் இல்ல, உன்ன மெரட்டவும் இல்ல. நீ எந்த முடிவு எடுத்தாலும் இட்லி கட்டி வச்சிருப்பேன், எடுத்துட்டுப் போ.

அவளுக்கு போன் அடிக்கணும்னா பதினோரு மணிக்கு மேல அடி. அதுக்கு முந்தி குளிச்சிட்டு வாற கூட்டம் இருக்கும், கை ஈரமா இருக்கும், எடுக்க மாட்டா. ரெண்டு தடவ அடி. முத தடவ யாருன்னு பாத்துட்டு அப்படியே வச்சிட்டு நிப்பா.